நாட்டு நாய்க்கும் வெயில் சுடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் கோடையில் நாய், பூனை வளர்ப்பது பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் அழகாக இருந்தன. நடுவில் ஒரு வரி: ‘நாட்டு நாய்கள் நம் வெயிலுக்குப் பழகியவை, வெளிநாட்டு நாய்களுக்குத்தான் தனிக் கவனம் தேவை.’ அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். அன்றைக்கு மத்தியானம் சோறும் இறங்கவில்லை.

முப்பது வருஷமாக உங்கள் பத்திரிகை வாங்குகிற வீடு எங்களுடையது. உங்களோடு சண்டை போடும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அந்த வரியை நானும் ஒரு காலத்தில் அப்படியே நம்பினேன். நம்பியதற்கு என்ன ஆனது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் கருப்பன் சுத்தமான நாட்டு நாய். தெருவில் குட்டியாகக் கிடந்தவனை என் மகன் தூக்கி வந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், கத்திரி வெயிலில், விருத்தாசலத்தில் நாத்தனார் மகள் கல்யாணம். காலை ஐந்து மணிக்கே கிளம்பினோம். கருப்பனை மொட்டை மாடியில் தகர ஷீட் நிழலில் கட்டி, அலுமினியக் குண்டான் நிறையத் தண்ணீரும் வைத்தேன். ‘நாட்டு நாய்தானே, இருந்துக்கும்’ என்று சொன்னது நான்தான். பத்து மணிக்கெல்லாம் நிழல் நகர்ந்துவிட்டது. சங்கிலி குழாயைச் சுற்றிச் சுற்றி ஒரு முழமாகிப்போனது. குண்டான் கவிழ்ந்து கிடந்தது. இரண்டரை மணிக்குப் பக்கத்து வீட்டுப் பையன் போன் செய்தான். நாங்கள் பஸ் பிடித்து வந்து சேரும்போது ஐந்தாகிவிட்டது. பாவம் அந்தப் பிள்ளை, மாடிக் குழாயைத் திறந்து கருப்பன் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறான். மே மாதம் மாடித் தொட்டித் தண்ணீர் எப்படி வரும் என்று கடலூரில் குடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். கை வைக்க முடியாது. அது புரியாமல், நல்லது செய்வதாக நினைத்து, சுடுதண்ணீரை ஊற்றியிருக்கிறான்.

கருப்பனின் எச்சில் பசை மாதிரி கெட்டியாகத் தொங்கியது. ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது. கால்நடை மருத்துவமனையில் பன்னிரண்டு மணிக்கே கதவைச் சாத்திவிட்டார்கள். நாய்க்கு வெயில் தாக்குவது மத்தியானம் இரண்டு மணிக்கு. அந்த நேரத்தில் யாரைப் போய்க் கேட்பது? வீட்டுக்கு வந்த ஒரு டாக்டர் சூடு பார்த்தார்: 108. நாய்க்குச் சாதாரணமாகவே 101, 102 இருக்கும், 106 தாண்டினாலே உயிருக்கு ஆபத்து என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ராத்திரி ஒன்பது மணிக்குக் கருப்பன் போய்விட்டான்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வேர்க்கும், அவ்வளவுதான். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தால்தான் உடம்புச் சூடு இறங்கும். எச்சில் ஈரம் காய்ந்தால்தான் குளிர்ச்சி. நம் கடலோரப் புழுக்கத்தில் அந்த ஈரம் எங்கே காய்கிறது? கடல்காற்று வராத மத்தியானத்தில் நம் வேர்வையே காயாமல் கசகசவென்று நிற்கிறதே! இதில் நாட்டு நாய் என்ன, வெளிநாட்டு நாய் என்ன? மூக்குச் சப்பையான பக் மாதிரி நாய்களுக்குக் கூடுதல் கஷ்டம் என்பது உண்மை. அதற்காக மற்ற நாய்களுக்குக் கஷ்டமே இல்லை என்று ஆகிவிடுமா? நம்மூர் நாய் தப்பிப்பது கட்டில்லாமல் திரிவதால்தான். தானே சாக்கடை ஓரமோ, லாரிக்கு அடியிலோ போய்ப் படுத்துக்கொள்ளும். கட்டிப்போட்டுவிட்டால் அதற்கு எந்தப் பழக்கமும் உதவாது.

பூனையைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: தன்னைத் தானே பார்த்துக்கொள்ளுமாம். பூனை நாய் மாதிரி சும்மா வாயைத் திறந்து இரைக்காது. வெயிலில் பூனை வாய் திறந்து மூச்சு வாங்கினால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். எங்கள் தெருவில் ஒரு அம்மா, பூனை உடம்பு கொதிக்கிறதே என்று அரை பாராசிட்டமால் மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்தார். நல்ல மனசுதான். ஆனால் பூனைக்கு அது விஷம். ஈறெல்லாம் பழுப்பாகி, முகம் வீங்கி, மறுநாள் செத்தது. அரைப் பக்கத்தில் இந்த ஒரு விஷயத்துக்கு இடம் கிடைக்கவில்லையே!

எழுதத் தொடங்கிவிட்டேன், மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். 2015 வெள்ளத்தில் சங்கிலியோடு கட்டிப்போட்டுவிட்டுப் போன நாய்கள் பட்ட பாட்டைப் பற்றி நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். வரவில்லை. 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் அடித்தபோது பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் பற்றி எல்லோரும் எழுதினீர்கள், எழுத வேண்டியதுதான். எங்கள் தெருவில் விழுந்த ஐந்து வேப்ப மரங்களின் இடத்தில் இன்றைக்கும் நிழல் கிடையாது. அங்கேதான் தெரு நாய்கள் படுத்திருக்கும். இப்போது அவை கார் நிழலில் படுத்தால் மேலே தண்ணீரை வீசி விரட்டுகிறார்கள். நான் வாசலில் வைக்கும் சிமெண்ட் தொட்டியைக் கவிழ்க்கிறார்கள், டெங்கு வருமாம். தினமும் தண்ணீரைக் கொட்டி, பக்கச் சுவரில் கொசு முட்டை ஒட்டியிருக்காதபடி தேங்காய் நாரால் தேய்த்துத்தான் ஊற்றுகிறேன். யாரும் கேட்பதில்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1960ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில், குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும், தண்ணீரும் நிழலும் கொடுக்காமல் விடுவதும் குற்றம் என்றே இருக்கிறது. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை என்று அதில் எழுதியிருக்கிறது. ஒரு டீ, ஒரு வடை விலை. இதைக் கேட்டு ஒரு தலையங்கம் எழுதக் கூடாதா ஐயா?

சரி, அதெல்லாம் பெரிய விஷயம். நான் கேட்பது சின்னது. அந்த வரி தவறு என்று ஒரு மூலையிலாவது போடுங்கள். கூடவே, நாய் வெயிலில் சுருண்டு விழுந்தால் உடனே நிழலுக்குத் தூக்கிப் போய், பானைத் தண்ணீரையோ அடிபம்புத் தண்ணீரையோ வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி மின்விசிறி போட வேண்டும் என்றும், ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டால் சூடு உள்ளேயே நிற்கும் என்றும், மயங்கிக் கிடக்கும்போது வாயில் மோர் ஊற்றக் கூடாது என்றும் நான்கு வரி. மே 4ஆம் தேதி கத்திரி ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தைய ஞாயிறு இணைப்பில் வந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
புதுப்பாளையம், கடலூர்.