மூன்று என்று எழுதிய தொப்பி

சிகாகோ
12 அக்டோபர் 2025

அன்புள்ள சண்முகத்துக்கு,

நீ கோவில்பட்டியிலிருந்து அனுப்பிய கடிதம் பதினாறு நாள் பயணம் செய்து நேற்றுதான் வந்து சேர்ந்தது. வாட்ஸ்ஆப்பில் இரண்டு வரி போட்டால் போதாதா என்று மகள் சிரிக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? உன் கையெழுத்து மாறவே இல்லை. ‘ழ’ எழுதும்போது வாலை அடுத்த வரிவரை இழுக்கும் பழக்கத்தையும் விடவில்லை. என் முழங்கால் இங்குள்ள குளிரை முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிட்டது. மற்றபடி நலம். உன் மருமகளுக்கு வேலை நிரந்தரமானது கேட்டு மகிழ்ச்சி. பல்லைக் கட்டி முடித்தாயா?

போன கடிதத்தில் பேரன் கேட்கும் ராப் பாட்டைப் பற்றி எழுதியதற்கு நீ ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறாய்: “வசவைத் தாளத்தில் சொன்னால் பாட்டாகிவிடுமா?” பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம்.

பேரன் ஒரு தொப்பி வைத்திருக்கிறான். முன்பக்கம் வெறும் 3 என்று தைத்திருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. கிரிக்கெட் வீரரின் எண்ணோ என்று கேட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் பாடம் நடத்திவிட்டான். இந்த ஊர்ப் பாடகன் ஒருவனுடைய தொப்பியாம் அது. சான்சலர் பென்னெட் என்பது இயற்பெயர், சான்ஸ் த ராப்பர் என்று பாடுகிறான். அவனுடைய மூன்றாவது மிக்ஸ்டேப் வந்தபோது போட்ட எண். மிக்ஸ்டேப் என்றால் ராப் பாடகர்கள் கடைக்குப் போகாமல் தாங்களே ஊருக்கு விநியோகிக்கும் பாட்டுத் தொகுப்பு. ஒரு காலத்தில் கேசட்டில் வந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது இணையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். நாம் நம் பத்திரிகைக்கு ஸ்டென்சில் வெட்டி, கையெல்லாம் மையாக்கிக்கொண்டு, பஸ் நிலையத்தில் நின்று கொடுத்தோமே, கிட்டத்தட்ட அதே வேலை.

கதை ஒரு நூலகத்தில் ஆரம்பிக்கிறது என்று பேரன் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மறுநாளே போய்ப் பார்த்தேன். நகரத்தின் நடுவே ஸ்டேட் தெருவில் ஹெரால்ட் வாஷிங்டன் நூலகம். செங்கல் நிறத்தில் பத்து மாடி, கூரையில் பெரிய பெரிய ஆந்தைச் சிலைகள், பச்சை நிறத்தில் நம்மையே முறைக்கின்றன. சிகாகோவின் முதல் கறுப்பின மேயர் பெயரை வைத்து 1991இல் திறந்த கட்டடம். அதற்குள் 2009இல் மெக்ஆர்தர் அறக்கட்டளையின் உதவியோடு யூமீடியா என்று பதின்பருவத்தினருக்காக ஓர் இடம் ஒதுக்கினார்கள். மடிக்கணினி, கேமரா, கீபோர்டு எல்லாம் இரவல் தருகிறார்கள். ஒலிப்பதிவுக்கு ஒரு சிறு அறையும் உண்டு. காசு கிடையாது. நம் கிளை நூலகத்தில் ‘அமைதி காக்கவும்’ பலகைக்குக் கீழே உட்கார்ந்து கிசுகிசுத்ததற்கே நம்மை எழுப்பி வெளியே அனுப்பினார்கள். இங்கே பிள்ளைகள் சத்தம் போடுவதற்கென்று நூலகமே அறை கட்டிக் கொடுத்திருக்கிறது.

அங்கே மைக் ஹாக்கின்ஸ் என்று ஒரு கவிஞர் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருந்தார். எல்லோருக்கும் அவர் பிரதர் மைக். ஒலிபெருக்கி மைக்கை நடுவில் வைத்து, யார் வேண்டுமானாலும் வந்து தான் எழுதியதைச் சொல்லலாம் என்று அரங்கம் நடத்தியிருக்கிறார். சான்ஸ் மட்டும் அல்ல, நோநேம், விக் மென்சா என்று இன்று பெயர் சொல்லும் பலர் அந்த மைக்குக்கு முன்னால் நின்றவர்கள்.

சான்ஸ் படித்த ஜோன்ஸ் பள்ளி அதே ஸ்டேட் தெருவில், நூலகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. கடைசி வருடம் கஞ்சாவோடு பிடிபட்டுப் பத்து நாள் பள்ளியிலிருந்து நீக்கிவைத்தார்கள். நம் வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். அவன் அந்தப் பத்து நாளில் முதல் மிக்ஸ்டேப்புக்குப் பிள்ளையார் சுழி போட்டான். 2012 ஏப்ரலில் அது வெளிவந்தபோது வைத்த பெயரே ‘10 டே’. அப்போது அவனுக்குப் பதினெட்டு வயதுதான், இரண்டு வாரம் போனால்தான் பத்தொன்பது. அந்த வருடமே சைல்டிஷ் காம்பினோ என்ற ராப் பாடகரின் கச்சேரிப் பயணத்தில், அவருக்கு முன்னால் மேடையேறும் தொடக்கப் பாடகனாக ஊர் ஊராகப் போனான்.

அடுத்த வருடம் ஏப்ரல் 30 அன்று ‘ஆசிட் ராப்’. அதுவும் இலவசம். இதில் ஒரு வேடிக்கை கேள். இலவசமாகக் கிடைக்கும் அந்தப் பாட்டுகளை யாரோ சிலர் ஐட்யூன்ஸிலும் அமேசானிலும் திருட்டுத்தனமாக விலை போட்டு விற்றிருக்கிறார்கள். வாங்கவும் ஆள் இருந்திருக்கிறது. அந்த விற்பனைக் கணக்கில், பில்போர்டு என்ற இசைப் பத்திரிகையின் தரப்பட்டியல் ஒன்றில் 63ஆவது இடத்துக்கு வந்துவிட்டது, அவன் கைக்கு ஒரு காசு வராமலே. பந்தியில் இலவசமாகப் போட்ட சோற்றை வாசலில் நின்று ஒருவன் பொட்டலம் கட்டி விற்றதைப் போல.

பெரிய இசை நிறுவனங்கள் வாசலில் வந்து நின்றன. அங்கே ஒப்பந்தம் என்றால் இப்படி: நிறுவனம் கை நிறைய முன்பணம் தரும். அதையும் பதிவுச் செலவையும், பெரும்பாலும் விளம்பரச் செலவில் ஒரு பகுதியையும் உன் பங்கிலிருந்து பிடித்துக்கொண்டே வரும். பாட்டின் மூலப்பதிவு பெரும்பாலும் அவர்களுக்கே சொந்தம். முன்பணம் அடைபடும்வரை நீ பாடிய பாட்டுக்கே நீ கடனாளி. சான்ஸ் வேண்டாம் என்றான். பாட்டை ஊருக்குத் தானமாகக் கொடுத்தான். கச்சேரி டிக்கெட், சட்டை, தொப்பி விற்றுச் சம்பாதித்தான். என் பேரன் தலையில் இருப்பது அந்தக் கணக்கில் ஒரு துளி.

2015இல் நண்பன் நிகோ சேகலின் டிரம்பெட்டை முன்னால் நிறுத்தி, தான் பின்னால் நின்று ‘சர்ஃப்’ என்று ஓர் ஆல்பம். அதுவும் இலவசம். எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது. பேரனுக்குச் சொல்லாதே, அவனுக்கு அது போரடிக்கிறதாம்.

2016 மே மாதம் அந்த மூன்றாவது, ‘கலரிங் புக்’. தேவாலயப் பாட்டும் ராப்பும் கலந்தது. கேட்டுப் பார், வசவு இருக்கும், அதன் பக்கத்திலேயே சிறுவர் பாடகர் குழுவும் இருக்கும். இசைத்தட்டு இல்லை, பதிவிறக்கி விலைக்கு வாங்கவும் வழியில்லை, இணையத்தில் ஓடவிட்டுக் கேட்கலாம், அவ்வளவுதான். முதல் வாரத்தில் 5.73 கோடி முறை ஓடியது. 1,500 முறை ஓடினால் ஓர் ஆல்பம் விற்றதாகப் பில்போர்டு அப்போது கணக்கு வைத்திருந்தது. அதன்படி 38,000 பிரதி, பட்டியலில் 8ஆவது இடம். கேட்பு எண்ணிக்கையை மட்டும் வைத்து ஓர் ஆல்பம் அந்தப் பட்டியலில் ஏறியது அதுதான் முதல் தடவை. விலைக்கு விற்காத பாட்டுக்குக் கிராமி விருது கொடுக்க அதுவரை விதியே இல்லை. அந்த ஜூனில் விதியைத் திருத்தினார்கள். 2017 பிப்ரவரியில் மூன்று கிராமிகளை வாங்கிக்கொண்டு போனான். வயது 23.

இத்தோடு நிறுத்தினால் நீ கைதட்டுவாய். உன்னைத் தெரியாதா? தனியாக நின்று ஜெயித்தவன் கதை என்றால் உனக்குக் கண் கலங்கிவிடும். ஆனால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அந்த ஆல்பம் முதல் இரண்டு வாரம் ஆப்பிள் நிறுவனத்தின் தளத்தில் மட்டும்தான் கிடைத்தது. விருது வாங்கிய அடுத்த மாதம் அவனே வெளியில் சொன்னான்: அதற்காக ஆப்பிள் ஐந்து லட்சம் டாலரும் ஒரு விளம்பரமும் கொடுத்தது. இசை நிறுவனத்துக்கு வேண்டாம் என்றவன் தொலைபேசி விற்பவனுக்குச் சரி என்றிருக்கிறான். 2016இல் கிட்கேட் மிட்டாய் விளம்பரத்திலும் வந்தான். இதெல்லாம் என்ன சுதந்திரம் என்று ஊரில் அப்போது பேச்சு கிளம்பியதாம். நீ இருந்திருந்தால் முதல் ஆளாகக் கிளம்பியிருப்பாய்.

இன்னொன்று. அவன் தந்தை கென் பென்னெட் அரசியல் வட்டாரத்தில் தெரிந்த மனிதர். அந்த நூலகத்துக்குப் பெயர் கொடுத்த மேயரிடமே வேலை பார்த்தவர், பிறகு ஒபாமா செனட்டராக இருந்தபோது அவருடைய அலுவலகத்தில். பசியும் பட்டினியுமாக வளர்ந்த பிள்ளை அல்ல. பின்னால் ஒரு வீடு இருந்தது, ஒரு நூலகம் இருந்தது, பிரதர் மைக் இருந்தார். இதனால் அவன் செய்தது சிறுத்துவிடவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் கையில் கொஞ்சம் முதல் வேண்டும், சண்முகம். அதை யார் போட்டார்கள் என்று கேட்காமல் துணிச்சலை மட்டும் புகழ்வது எனக்கு உறுத்துகிறது.

எங்கே வருகிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். 1984இல் நம் இரண்டு பேர் கதையையும் அந்த வார இதழ் கேட்டபோது, முடிவை மாற்ற வேண்டும் என்றார்கள். நீ மறுத்தாய். நான் கொடுத்தேன். கிணற்றில் குதித்தவளைக் கரையேற்றிக் கல்யாணமே செய்து வைத்துவிட்டார்கள். எழுபத்தைந்து ரூபாய் வந்தது. ஆறு மாதம் நீ என்னோடு பேசவில்லை. உன் அப்பாவின் அரிசிக் கடை அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வேலை இல்லை, தங்கைக்கு நிச்சயம் ஆகியிருந்தது. நாற்பது வருடம் கழித்து இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை.

சான்ஸ் கதைக்கு வருகிறேன். தன் கையிலிருந்த முதல் எங்கிருந்து வந்தது என்று அவன் மறக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். 2014 டிசம்பரில் பிரதர் மைக் இறந்துபோனார். அடுத்த வருடம் முதல் அதே நூலகத்தில் அவர் நினைவாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மைக் அரங்கம் நடத்தினான். 2016இல் ஒயிட் சாக்ஸ் என்ற உள்ளூர் அணியின் பேஸ்பால் மைதானத்தில் ஒரு நாள் இசை விழா. டிக்கெட்டைக் கள்ளச் சந்தைக்காரர்கள் வாங்கிக் குவித்து விலையை ஏற்றியபோது, அவர்களிடமிருந்தே கிட்டத்தட்ட 2,000 டிக்கெட்டுகளைத் தன் காசில் திரும்ப வாங்கி, பழைய விலைக்கே ரசிகர்களுக்கு விற்றான். 2017 மார்ச்சில் அரசுப் பள்ளிகளுக்குப் பணம் கேட்டு மாநில ஆளுநரைப் போய்ப் பார்த்தான். பேச்சு தேறவில்லை. மூன்று நாள் கழித்து ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நடுவே நின்று, பத்து லட்சம் டாலர் தானே தருவதாக அறிவித்தான். இங்கே ஆளுநர் என்றால் நம் ஊர் ஆளுநர் மாதிரி இல்லை, மக்கள் ஓட்டுப் போட்டு வருபவர், மாநில அரசை நடத்துபவர் அவர்தான்.

பிறகு சறுக்கலும் வந்தது. 2019 ஜூலையில் ‘தி பிக் டே’. மிக்ஸ்டேப் என்று சொல்லாமல் முதல் ஆல்பம் என்று அவனே அழைத்தது. பட்டியலில் 2ஆம் இடத்துக்குப் போனாலும் விமர்சகர்கள் பிய்த்து எடுத்துவிட்டார்கள். 22 பாட்டு, முக்கால்வாசியும் கல்யாண மகிழ்ச்சி. நான் முழுவதும் கேட்டேன். கல்யாண வீடியோவை விருந்தாளிக்கு இரண்டு மணி நேரம் போட்டுக் காட்டுவார்களே, அந்தத் தவிப்பு. கச்சேரிப் பயணத்தை ரத்து செய்தான். ஆரம்ப நாளிலிருந்து கூட இருந்த மேலாளர் பிரிந்தார், இருவரும் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள். நிறுவனம் இல்லை என்றால் தோற்கும்போது பழி போடவும் ஆள் இல்லை.

ஆறு வருடம் கழித்து இந்த ஆகஸ்டில்தான் ‘ஸ்டார் லைன்’ என்று அடுத்த ஆல்பம் வந்திருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் கறுப்பின மக்களுக்காக மார்கஸ் கார்வி தொடங்கிய கப்பல் நிறுவனத்தின் பெயரைத் தழுவியது. நம் வ.உ.சி. கப்பல் விட்ட கதையைப் பேரனிடம் சொல்ல எனக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. தூத்துக்குடிக்கு அடுத்த முறை கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஆல்பத்தில் நிதானம் இருக்கிறது, அவசரம் இல்லை. பழைய குறும்பு கொஞ்சம் குறைந்துவிட்டது.

நூலகத்துக்குப் போன அன்று யூமீடியா வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பதினைந்து வயதிருக்கும் ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். அடித்து அடித்துத் திருத்திய பக்கம். என்னைப் பார்த்ததும் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நீ உன் முதல் கதையை எனக்குக் காட்ட மாட்டேன் என்று ஒளித்தது நினைவுக்கு வந்தது.

டிசம்பர் இரண்டாம் வாரம் ஊருக்கு வருகிறேன். நம் பத்திரிகையின் ஏழு இதழ்களில் ஆறு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நீ ஒளித்த அந்தக் கதை வந்த நான்காவது இதழ்தான் இல்லை. உன் வீட்டுப் பரணில் கடைக் கணக்கு நோட்டுகளுக்கு நடுவே இருந்தாலும் இருக்கும். பேரன் படிக்க வேண்டும் என்கிறான், தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பான். நீ ஏறாதே, இடுப்பு தாங்காது. பையனை ஏற்றித் தேடச் சொல்.

அன்புடன்,
முத்தையா