மேடை இறங்கிய பிறகு?

ஆசிரியருக்கு, தொலைக்காட்சியின் எடைக் குறைப்புப் போட்டி நிகழ்ச்சிகளைப் பாராட்டி வெளியான கட்டுரையைப் படித்தேன். பரிசு வாங்கும் நாளோடு கட்டுரை நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதானே விஷயமே இருக்கிறது! அமெரிக்காவின் 'தி பிக்கஸ்ட் லூசர்' போட்டியாளர்கள் 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்த முடிவுகள் 2016-இல் வெளியாயின. சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்களுக்கு 41 கிலோ திரும்ப ஏறியிருந்தது. சும்மா இருக்கும்போது அவர்களின் உடல் செலவழித்த ஆற்றலும், அவர்கள் உடலளவுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. அப்படியிருக்க, எடை திரும்ப ஏறுவதைச் சோம்பல் என்று திட்டி என்ன பயன்?

உணவியல் ஆலோசகரான என்னிடம் வருபவர்கள், வாரம் ஒரு கிலோ குறைந்தாலும் முகம் வாடுகிறார்கள். திரையில் பார்த்த வேகம்தான் அவர்களுக்கு அளவுகோல். மணிக்கணக்கான உடற்பயிற்சியும் அரை வயிற்றுச் சாப்பாடும் வேலைக்குப் போகிறவருக்குச் சரிப்படுமா? தொலைக்காட்சி நிறுவனங்கள் போட்டி முடிந்து சில ஆண்டுகளாவது போட்டியாளர்களின் மருத்துவக் கண்காணிப்புச் செலவை ஏற்க வேண்டும். போட்டியாளர்கள் சம்மதித்தால், அவர்களின் அப்போதைய எடையையும் அதே நிகழ்ச்சியில் காட்டட்டும்.