ஃப்ரீசருக்குள்ள காட்டுச் செறி

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். அப்பாவின்ர முழங்கால் நோ இப்ப எப்பிடி எண்டு எழுதுங்கோ.

"காட்டுக்குள்ள போய்ச் செறிப்பழம் ஆயிறியளே, ஆற்றையும் காணியெண்டால்?" எண்டு ஃபோனில பயந்தியள். பயப்பிடாதேங்கோ அம்மா. காட்டில தன்பாட்டில விளையிற பழத்தையும் காளானையும் ஊர் வழக்கத்துக்கு மிஞ்சாமல் ஆரும் எடுக்கலாம் எண்டு சுவிஸ் குடியியல் சட்டத்தின்ர 699 ஆம் பிரிவே சொல்லுது. 1912 இலயிருந்து நடைமுறையில இருக்கிற சட்டம். நாங்கள் இருக்கிற ஃபிரிக்டால் பக்கம் செறித் தோட்டங்களும் நிறைய. அதுகளுக்குச் சொந்தக்காரர் இருக்கினம், அந்தப் பக்கம் கை வைக்கமாட்டம்.

காட்டுச் செறி ஜூன் கடைசியிலயும் ஜூலையிலயும் பழுக்கும். சுண்டுவிரல் நுனியளவு பழம், அதில அரைவாசி கொட்டை. நல்லாக் கறுத்தாப்பிறகுதான் இனிப்பு ஏறும், அப்பவும் அடியில ஒரு கைப்பு நிக்கும். கடைச் செறியில அந்தக் கைப்பு இல்லை. எனக்கு அதுதான் பிடிக்கும்.

நீங்கள் பனங்களியைப் பாயில ஊத்திப் பனாட்டுப் போடுற மாதிரி இங்கை வெய்யிலை நம்பேலாது, ஃப்ரீசர்தான். கீழ்வீட்டு அம்மாதான் சொல்லித் தந்தவ. முதல்ல உப்புத் தண்ணியில கொஞ்ச நேரம் ஊறவிட்டால் உள்ள இருக்கிற புழு வெளிய வந்திடும். 2011 இல இந்த நாட்டில முதல் கண்ட ஒரு சின்னப் பழ ஈ, காயம்படாத பழத்துக்குள்ளயும் முட்டை போடும். பிறகு கழுவி, துணியில பரப்பி, ஈரம் போக விடவேணும். ஈரத்தோட போட்டால் எல்லாம் ஒரே கட்டியா இறுகிப்போம். தட்டில ஒண்டோடொண்டு முட்டாமல் பரப்பி ஒரு இரவு வைச்சால் ஒவ்வொண்டும் தனித்தனிய கல்லாகும். கையில அள்ளினால் கலகலவெண்டு சத்தம் கேக்கும். பைக்குள்ள போட்டு, காத்தை அமத்தி வெளிய எடுத்து, திகதி எழுதி −18 பாகையில வைச்சால் அடுத்த செறி வரும்வரைக்கும் காணும்.

ஜாம் காய்ச்சேக்க உறைஞ்சபடியே சட்டியில போடுவன். கொஞ்சத் தண்ணி விட்டு அவிய வைச்சு அரிதட்டில மசிச்சால் கொட்டை மிஞ்சும். மிக்சியில மட்டும் அடிக்கக்கூடாது, உடைஞ்ச பருப்பில இருந்து சயனைட் நஞ்சு வரும். செறிக்குத் தானா இறுகிற தன்மை குறைவு, அதாலை தேசிப்புளியும் பெக்டின் கலந்த சீனியும் சேர்ப்பன்.

கொட்டையையும் எறியிறேல்லை. அவிச்சு, உரஞ்சிக் கழுவி, நல்லாக் காயவிட்டுப் பருத்திப் பையில நிரப்பினால் ஒத்தடத்துக்கு அருமை. இங்கத்தைச் சனம் பையோடயே அவணில சூடாக்கும். அப்பாவுக்கு ஒண்டு தைச்சு வைச்சிருக்கிறன், வாற மாதம் ஊருக்கு வாற ஆக்களிட்டைக் குடுத்துவிடுறன். பையை அடுப்பில வைக்காதேங்கோ, துணி கருகும். வாயில கயிறு போட்டிருக்கிறன், கொட்டையை மட்டும் வெறும் தாச்சியில இளஞ்சூடா வறுத்துத் திரும்பப் பைக்குள்ள போட்டுக் கட்டுங்கோ. சூட்டை முதல் உங்கட கையில பாத்திட்டு வையுங்கோ.

அன்பு மகள்