குடவோலை ஓட்டு அல்ல, குலுக்கல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கிராமசபை நாள் வந்தால் எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் மேடைக்கு மேடை உத்திரமேரூர்க் குடவோலைப் பேச்சு வந்துவிடுகிறது. 'ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஓட்டுப் போட்டவன் தமிழன்' என்றதும் கைதட்டல். அதியமானையும் குடவோலையையும் ஒரே மூச்சில் சொல்கிறவர்களும் உண்டு. அதியமான் சங்ககாலத் தகடூர்க்காரர், அதாவது இன்றைய தருமபுரிக்காரர். குடவோலையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சோழன் முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921-ஆம் ஆண்டுகளுக்குரியவை, காஞ்சிபுரம் பக்கத்தவை. அதைவிட முக்கியம், அவற்றில் ஓட்டு என்பதே கிடையாது.

நடந்தது இதுதான். 30 குடும்புகள், இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, தனிக் கட்டாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று சொல்லும் வாயோலையைச் சேர்த்துக் குடத்தில் இடுவார்கள். சிறியவர் பெரியவர் எல்லாம் கூடிய மகாசபை நடுவே, நம்பிமாரில், அதாவது கோயில் பூசாரிகளில், மூத்தவர் எல்லோரும் பார்க்கக் குடத்தை எடுத்து நிற்பார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி ஓர் ஓலை எடுக்க வேண்டும். நடுவரான மத்தியஸ்தர் அதை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில்தான் வாங்கலாம். (மூடிய கைக்குள் ஓலை மாறும் என்று அப்போதே தெரிந்திருக்கிறது!) அவர் வாசித்த பெயரை நம்பிமார் அத்தனை பேரும் திரும்ப வாசிப்பார்கள். குடும்புக்கு ஒருவராக இப்படி வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம் (ஆண்டுக் குழு), 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். தோட்ட, ஏரி வாரியங்களில் முன்பு இருந்தவர்களுக்கும் கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களுக்கும்தான் சம்வத்சர வாரியம். பதவி 360 நாள்.

அது பிராமணர்களின் சபை. பழைய நில அளவில் கால் வேலிக்கு மேல், அதாவது ஐந்து மாவுக்கு மேல், வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேத அறிவும் கேட்டார்கள். உழுதவருக்கும் பெண்ணுக்கும் அதில் இடமில்லை. இதை விட்டுவிட்டுப் பெருமை பேசுவது பாதி உண்மை.

எடுத்துக்கொள்ள வேண்டியது குடத்தை அல்ல, கணக்கு விதியை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள்ளேயே போகக் கூடாது. அவர் மட்டுமா? சித்தி, பெரியம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், பெண் கொடுத்த மாமனார், மனைவியின் சகோதரர், சகோதரியின் கணவர், மருமகன், அப்பன், மகன் என்று உறவை ஒவ்வொன்றாகச் சொல்லி அடைத்திருக்கிறார்கள். மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவருக்கும் இடமில்லை. கணக்கு எழுதியவரே வந்து கணக்கை ஒப்பிக்க வேண்டும். அவர் கணக்கை முடிக்க வேறு கணக்கர் புகக் கூடாது. 919-இல் 30 முதல் 60 என்றிருந்த வயது 921-இல் 35 முதல் 70 ஆனது. இரண்டே ஆண்டில் விதியைத் திருத்த வேண்டி வந்தது என்றால், முதல் விதியில் யாரோ ஓட்டை கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஊர்ப்பணம் வீணாகக் கூடாது என்ற இந்தக் கவலை அதற்கும் பழையது. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன புறநானூற்று யானையை (184-ஆம் பாட்டு) வயலில் யானை இறங்கும் தளி, தேன்கனிக்கோட்டை ராகிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு மாவுக்கும் குறைந்த நிலத்து நெல்லானாலும் அறுத்துக் கவளமாக ஊட்டினால் பல நாள் வரும். நூறு வயல் இருந்தாலும் யானை தானே இறங்கினால் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபட்டுப் போவதே அதிகம். வரி வாங்குவதைப் பற்றிச் சொன்னது. செலவுக்கும் அப்படியே பொருந்துகிறது.

ஏரி விஷயத்தில் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இன்னும் கறார். புது ஏரி வெட்டினால் 5 ஆண்டு வரி விலக்கு, பாழானதைச் செப்பனிட்டால் 4, செடிகொடி மண்டியதைச் சுத்தம் செய்தால் 3. ஆபத்துக் காலம் தவிர, 5 ஆண்டு பயன்படுத்தாமல் போட்டால் உரிமையே போய்விடும். முறை தவறித் தண்ணீர் திறந்தால் 6 பணம் அபராதம். சீமைக்கருவேலம் மண்டிய ஏரிகளை வைத்திருக்கும் நாம் இதை மேடையில் சொல்வதில்லை.

ஆகவே ஊராட்சிகளுக்கு ஒரு வேண்டுகோள். 'ஏரிப் பராமரிப்பு' என்று ஒரே வரியில் தொகையை வாசித்துவிட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள். அதில் எதையும் சரிபார்க்க முடியாது. எந்த ஏரி, கரையில் எத்தனை மீட்டர், எத்தனை கனமீட்டர் மண், மதகு வேலையா உபரிநீர் வழியும் கோடி வேலையா வரத்துக் கால்வாயா, எத்தனை ஆள் எத்தனை நாள், ஆளுக்கு என்ன கூலி என்று பிரித்து எழுதி, கிராமசபைக்கு ஏழு நாள் முன்னால் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். கூட்டத்தில் கணக்கு எழுதியவரே வாசிக்கட்டும். கரையில் நடந்து பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்கள் சிலர்,
தருமபுரி.