எலி காரத்துக்கே பின்வாங்கவில்லை, டி.சி.க்கா? பி.டி.ஏ. பொறுப்பாளர்களுக்குத் திறந்த மடல்

பாலக்காடு எல்லைப் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளிகளின் பி.டி.ஏ. பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போதை விழிப்புணர்வுக் கூட்டத்துக்கான நோட்டீஸ் கிடைத்தது. "ஒரு இழுப்பு போதும், எலிகூடத் தப்பவில்லை" என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த வரியில், பிடிபட்டால் டி.சி. நீங்கள் சொல்லும் எலி ஆய்வைக் கடைசிவரை படித்தால் இரண்டு வரியும் நிற்காது.

2018-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு அது. அதற்கு முன்பு பெரும்பாலும் எலிக்கு ஆபரேஷன் செய்து, ரத்தக் குழாயில் ட்யூப் வைத்துத்தான் போதை மருந்து ஏற்றுவார்கள். மனிதர்கள் புகைத்தும் வேப் இழுத்தும் எடுக்கிறார்களே என்று, இதில் ஆவியாகவே கொடுத்தார்கள். பெட்டிக்குள் ஒரு துளை. எலி மூக்கை நுழைத்தால் சூஃபென்டனில் ஆவி வரும். ஆபரேஷன் தியேட்டரில் பயன்படும், ஓபியாய்டு என்ற அபின் வகையைச் சேர்ந்த கடுமையான வலி மருந்து அது. யாரும் புகட்டவில்லை, வேண்டுமென்றால் எலியே போக வேண்டும்.

சில எலிகளுக்கு நாளுக்கு 1 மணி நேரம், சிலவற்றுக்கு 12 மணி நேரம். 1 மணி நேர எலிகள் அளவைக் கூட்டிக்கொண்டே போகவில்லை, "ஒரு இழுப்பு போதும்" என்பது இங்கேயே நிற்கவில்லை. 12 மணி நேர எலிகள் கூட்டின. மருந்தின் வேகம் தணியும்போது அவற்றுக்கு வலி உணர்வும் அதிகமானது. கேப்சைசின், அதாவது நம் மிளகாயின் காரம், பட்டும் அவை விடவில்லை.

எரிச்சலுக்கே பின்வாங்காத நிலையில் இருக்கும் பையனை டி.சி. திருத்துமா? அதற்கப்புறம் அவனுக்குப் பள்ளியும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. 12 மணி நேரக் கூட்டத்தில் அவனை நாமே சேர்த்துவிடுகிறோம்.

எலி வேறு, பிள்ளை வேறு, சரி. கொஞ்சமாக எடுத்தால் ஆபத்தில்லை என்றும் நான் சொல்ல வரவில்லை. இந்த வகை மருந்தில் அளவு தப்பினால் முதல் தடவையே மூச்சு நின்றுபோகலாம். பயமுறுத்தத்தான் வேண்டுமென்றால் அதைச் சொல்லுங்கள், அது உண்மை.

டி.சி. வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கேரள எக்சைஸ் துறையின் விமுக்தி போதை மீட்புச் சிகிச்சை மையத்துக்கு எப்படிப் போவது என்று போடுங்கள். ஓபியாய்டு பழக்கத்துக்குப் பியூப்ரெனார்ஃபின் போன்ற மருந்து இருக்கிறது. டாக்டர் மேற்பார்வையில் எடுத்தால் அந்த வலியும் தவிப்பும் அடங்கும். இது தெரியாமல்தான் பல அம்மாக்கள் பிள்ளையை அறைக்குள் பூட்டி வைக்கிறார்கள்.

அப்புறம், பேச வரும் அதிகாரி தமிழிலும் பேசட்டும். போன தடவை பின்வரிசைப் பாட்டிமார் பாதியில் எழுந்து போனது பேச்சு பிடிக்காமல் அல்ல.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா