தனி டம்ளர்

திருநெல்வேலி

அன்புள்ள விசாலம்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கீமோ எல்லாம் முடிந்துவிட்டது, வாய்ப்புண் ஆறிவருகிறது, இரண்டு இட்லி இறங்குகிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. அடுத்த பக்கத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் தூக்கம் இல்லை.

மார்பகப் புற்றுநோய்க்கு வைரஸ்தான் காரணம் என்று சம்பந்தியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் ஏதோ வந்ததாம். அன்றிலிருந்து உனக்குத் தட்டு தனி, டம்ளர் தனி, பேத்தியைத் தூக்கக் கூடாது. உன் கல்யாணச் சீரில் வந்த, பெயர் வெட்டிய அந்த எவர்சில்வர் டம்ளரையே உனக்கென்று ஒதுக்கி ஜன்னல் திண்டில் வைத்திருக்கிறார்களாம். நீயும் எதற்கு வம்பு என்று பேசாமல் இருக்கிறாய். தனி டம்ளர் என்றால் நம் ஊர்களில் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? நோய் வந்த ஒருத்தியை அவள் வீட்டிலேயே அப்படி நடத்துவதை என்னால் தாங்க முடியவில்லை.

அதைவிட என்னை உலுக்கியது, கடைசியில் பொடி எழுத்தில் நீ எழுதியிருந்த ஒரு வரி. “தேவிக்கு இரண்டு வயதுவரை பால் கொடுத்தேனே, இதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேனா?”

இல்லை, விசாலம். நீ கொடுக்கவில்லை. உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவள் நான். தெரிந்ததை மறுபடி ஒருமுறை படித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உன் பயத்துக்கு ஒரு வேர் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி லேபில் வெள்ளைச் சுண்டெலி குட்டி போட்ட அன்று நினைவிருக்கிறதா? சுண்டுவிரல் நுனி அளவில், ரோஸ் நிறத்தில், கண் திறக்காத குட்டிகள். தோல் அவ்வளவு மெல்லிசு. குடித்த பால் வயிற்றுக்குள் வெள்ளைப் பொட்டாக வெளியே தெரிந்தது. ஒரு குட்டிக்கு மட்டும் பொட்டு இல்லை. நீதான் பஞ்சால் அதை மெல்லத் தள்ளித் தாயின் மடிக்குப் பக்கத்தில் சேர்த்தாய். மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய்ப் பார்த்துவிட்டு, “பொட்டு வந்துடுச்சு” என்று வராண்டாவில் கத்திக்கொண்டே ஓடி வந்தாய்.

அந்தப் பொட்டைச் சுற்றித்தான் இந்த வைரஸ் கதை முழுவதும். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகத்தில் சில எலி வம்சங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக மார்பகக் கட்டி வந்துகொண்டிருந்தது. ஜான் பிட்னர் என்பவர் அந்த வம்சத்துக் குட்டிகளை, பெற்ற தாயின் பால் வாயில் படுவதற்கு முன்பே எடுத்து, கட்டி வராத வம்சத்துத் தாயிடம் விட்டு வளர்த்தார். பரம்பரை மாறவில்லை, பால் மட்டும்தான் மாறியது. அந்தக் குட்டிகள் வளர்ந்தபோது கட்டி வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. 1936இல் அவர் இதை வெளியிட்டார். பாலில் என்ன இருக்கிறது என்று தெரியாததால் ‘பால் காரணி’ என்றே சொல்லிவந்தார்கள். அது ஒரு வைரஸ் என்பது பிறகுதான் உறுதியானது.

அந்த வைரஸ் வேலை செய்யும் விதத்தை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். பாலோடு குட்டியின் குடலுக்குள் போகிறது. அங்கே வெள்ளணுக்களில் தொற்றிக்கொண்டு, அவற்றின் வழியாகவே மார்பகத்துக்குப் போய்ச் சேர்கிறது. அங்குள்ள செல்லின் டிஎன்ஏவுக்குள் தன்னையே செருகிக்கொள்கிறது. செருகிய இடம் வளர்ச்சிக்கான ஜீன் ஒன்றுக்குப் பக்கத்தில் அமைந்துவிட்டால், மூடியிருந்த குழாயை யாரோ திறந்துவிட்டுப் போனது மாதிரி அந்த ஜீன் ஓயாமல் ஓடுகிறது. ரோல் நூசா, ஹெரால்டு வார்மஸ் இருவரும் 1982இல் அப்படி ஒரு ஜீனைக் கண்டுபிடித்தார்கள். ஈயின் இறக்கை உருவாவதற்கும் அதே குடும்பத்து ஜீன்தான் வேண்டும் என்று பின்னால் தெரியவந்தது. இதைப் படித்தபோது, நீ பக்கத்தில் இருந்திருந்தால் உன் தோளைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

எலிக்கு இப்படி என்றால் பெண்களுக்கு? தேடாமல் இருப்பார்களா! பம்பாய்ப் பார்சிப் பெண்களிடம் இந்த நோய் அதிகம் என்பதால் அவர்களுடைய தாய்ப்பாலையே எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். எலி வைரஸைப் போன்ற துகள்கள் தெரிந்ததாக 1971இல் செய்தி வந்தது. அந்தக் காலத்தில் எத்தனை தாய்மார் உன்னைப் போலவே ராத்திரி விழித்துக் கிடந்திருப்பார்கள்!

ஆனால் பெண்களைக் கணக்கெடுத்துப் பார்த்தபோது எலிக்கதை பொருந்தவில்லை. தாய்ப்பால் குடித்து வளர்ந்தவர்களுக்கு, குடிக்காதவர்களைவிட இந்த நோய் அதிகமாக வரவில்லை. இன்னொன்றும் யோசி. குடும்பத்தில் வரும் மார்பகப் புற்றுநோய் பலவற்றுக்குக் காரணமான பி.ஆர்.சி.ஏ. ஜீன் மாற்றம் அப்பா வழியாகவும் வரும். அப்பா யாருக்குப் பால் கொடுத்தார்? 2002இல் 30 நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் தாய்க்கு வரும் ஆபத்து 4.3 சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். ஆகவே தேவி தன் குழந்தைக்குப் பால் கொடுப்பதை யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. இதை அவளிடம் இன்றைக்கே சொல்.

சம்பந்தியம்மா படித்தது முழுப் பொய் என்றும் சொல்ல மாட்டேன். 1995இல் நியூயார்க்கில் பியாட்ரிஸ் போகோவின் குழு, 314 கட்டிகளில் 121இல் எலி வைரஸின் ஜீனைப் போன்ற ஒரு துண்டைக் கண்டது. நோயில்லாத 107 மாதிரிகளில் இரண்டில்தான் அது இருந்தது. வேறு சில ஆய்வகங்கள் தேடியபோது கிடைக்கவில்லை. ஆய்வகம் என்றால் எலி டிஎன்ஏ தூசி மாதிரி எங்கும் ஒட்டிக்கிடக்கும், மாதிரியில் ஒரு துளி கலந்தாலும் போதும். நாள்பட்ட சோர்வு நோய்க்கு எலி வைரஸ் வம்சத்தைச் சேர்ந்த ஒன்றுதான் காரணம் என்று 2009இல் பெரிய செய்தி வந்து, கடைசியில் அது ஆய்வகக் கலப்படம் என்று தெரிந்து 2011இல் கட்டுரையையே திரும்பப் பெற்றார்கள். மாட்டின் ரத்தப்புற்று வைரஸ் பால் வழியாக வந்து இந்த நோயை உண்டாக்குமா என்பதைப் பற்றியும் இப்படி இரண்டு பக்கமும் பேச்சு இருக்கிறது. அதற்காக நீ காபியை விட்டிருக்கிறாய் என்றால் உடனே ஆரம்பி, பாலைக் காய்ச்சினால் அந்த வைரஸ் செத்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த நோய்க்குக் காரணம் என்று இன்றுவரை எந்த வைரஸையும் உறுதிசெய்யவில்லை.

சம்பந்தியம்மா இதைக் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயோடு குழப்பிக்கொண்டிருக்கலாம். அதற்கு எச்.பி.வி. வைரஸ் காரணம் என்பது உறுதி. அதைக் காட்டிய ஹரால்டு சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். தடுப்பூசியும் வந்துவிட்டது. ஆனால் அந்த நோய்கூட டம்ளரிலிருந்து யாருக்கும் வருவதில்லை. உன் கட்டியின் செல்லே பேத்தியின் வாய்க்குள் போனாலும் அவள் உடம்பு அதை அந்நியம் என்று தள்ளிவிடும்.

எனக்கு ஒரு ஆசையும் இருக்கிறது, உன்னிடம் சொல்வதற்கு என்ன. மார்பகப் புற்றுநோயில் ஒரு சிறு பங்குக்காவது வைரஸ் காரணம் என்று நிஜமாகவே தெரியவந்தால் நான் சந்தோஷப்படுவேன். வைரஸ் என்றால் ஊசி போட்டுத் தடுக்கலாமே. உன் பேத்தி வயதுக்கு வரும்போது அப்படி ஒன்று இருக்கக் கூடாதா?

பேத்தியைத் தூக்கு. வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் ரேடியேஷன் என்றால் உன் உடம்பில் கதிர் எதுவும் தங்காது, வீட்டுக்கு வந்ததும் மடியில் போட்டுக்கொள்ளலாம். குழந்தைக்குச் சளி, காய்ச்சல் என்றால் மட்டும் தள்ளி இரு. கீமோ முடிந்த உடம்பு, அவளிடமிருந்து உனக்குத்தான் தொற்றும். தையல் போட்ட பக்கம் கொஞ்ச நாளைக்குப் பாரம் வேண்டாம், உட்கார்ந்தபடி வாங்கிக்கொள்.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் கொடுத்து அவர் அம்மாவுக்குப் படித்துக் காட்டச் சொல். அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் பேத்திக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் அவரும் செய்கிறார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலில் கிளம்புகிறேன். ரேடியேஷனின் முதல் வாரம் முழுக்க உன்னோடுதான். தேவிக்கு ஜீன் பரிசோதனை தேவையா, அவள் எந்த வயதிலிருந்து ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் இரண்டு பேருமாகக் கேட்டுக்கொள்வோம். பயாப்ஸி ரிப்போர்ட்டையும் ஆபரேஷன் சீட்டையும் ஒரே பையில் எடுத்து வை. சனிக்கிழமை காலைக் காபியை ஜன்னல் திண்டில் இருக்கும் டம்ளரில்தான் எனக்கு ஊற்ற வேண்டும். கருப்பட்டி கேட்டிருந்தாயே, இரண்டு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன்.

உன்,
கனகா