எந்த இலையை இடித்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஹோமியோபதி அறிமுகக் கட்டுரையின் மூன்றாவது பத்தியில், ‘பக்க விளைவுகளே இல்லாத இந்த மூலிகை மருத்துவம்’ என்று படித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். அப்படியேதான் இருந்தது. ஒரே வாக்கியத்தில் இரண்டு தவறுகளை அடக்குவது எளிதான வேலை அல்ல, பாராட்டுகிறேன். போதாததற்கு அரைப் பக்கத்துக்கு ஒரு படம்: கல்வம், குழவி, நீர் சொட்டும் பச்சை இலைகள்.

ஹோமியோபதி என்பது மூலிகை மருத்துவம் அல்ல என்று தங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதன் மருந்துகளில் பல்சட்டில்லா, பெல்லடோனா போன்றவை செடிகள்தாம். ஆனால் லாக்கஸிஸ் பாம்பின் நஞ்சு. செபியா கணவாயின் மை. ஏபிஸ் தேனீ. ஆர்சனிகம் ஆல்பம் அசல் வெள்ளைப் பாஷாணம். நேட்ரம் மூர் வெறும் சாப்பாட்டு உப்பு. இவற்றில் எதைக் கல்வத்தில் போட்டு இடித்தார்கள் என்று கட்டுரையாளரைக் கேட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஹோமியோபதியை வேறுபடுத்துவது மூலப்பொருள் அல்ல, கொள்கை. அதை உருவாக்கிய ஜெர்மன் மருத்துவர் சாமுவேல் ஹானிமன் 1790-இல், கல்லன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரின் நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்துக்கொண்டிருந்தார். சின்கோனா பட்டை மலேரியாவைக் குணமாக்குவதற்கு அதில் சொல்லப்பட்ட காரணம் அவருக்கு ஒப்பவில்லை. பட்டையைத் தானே உட்கொண்டு பார்த்தார். குளிர்காய்ச்சலின் குறிகள் தன்னிடம் தோன்றியதாக எழுதிவைத்தார். நலமாக இருப்பவரிடம் எந்தக் குறிகளை ஒரு பொருள் உண்டாக்குமோ, அதே குறிகளுள்ள நோயை அது தீர்க்கும் என்ற கொள்கை அங்கிருந்து பிறந்தது. 1796-இல் கட்டுரை, 1810-இல் ‘ஆர்கனான்’ நூல். இந்தக் கொள்கைக்குத் தங்கள் கட்டுரை ஒதுக்கியது ஒன்றரை வரி. அந்தப் படத்துக்கு அரைப் பக்கம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். என் அப்பா அலுவலகம் விட்டு வந்ததும் ஹோமியோபதி பார்ப்பார், காசு வாங்காமல். மரப்பெட்டிக்குள் தக்கை மூடிய சின்னஞ்சிறு குப்பிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் அவர் கையெழுத்தில் பொட்டன்சி எண், அதாவது மருந்தை எத்தனை முறை நீர்த்திருக்கிறார்கள் என்ற கணக்கு. வந்தவரை முக்கால் மணி நேரம் விசாரிப்பார். எந்தப் பக்கம் படுத்தால் இருமல் கூடுகிறது, தாகம் எடுக்கிறதா, தனியாக இருக்கப் பயமா, யாராவது ஆறுதல் சொன்னால் எரிச்சல் வருகிறதா? அதன்பிறகுதான் நான்கு இனிப்பு உருண்டைகளைக் காகிதத்தில் மடித்துத் தருவார். கற்பூர வாசனை மருந்தை முறித்துவிடும் என்று பெட்டி இருந்த அலமாரிப் பக்கம் எங்களை அண்டவிடமாட்டார். வந்தவர்களில் பலர் தேறினார்கள். தானாகவே தேறக்கூடிய நோய்கள் அவற்றில் எத்தனை, அந்த முக்கால் மணி நேரம் ஆற்றியவை எத்தனை என்று இன்று யோசிக்கிறேன். வேறு எங்கும் அவர்களை அவ்வளவு நேரம் யாரும் கேட்டதில்லை.

பிறகு நான் வேதியியல் ஆசிரியை ஆனேன். 30சி என்ற பொட்டன்சி என்றால், ஒரு பங்கு மருந்துக்கு 99 பங்கு கரைப்பான் சேர்த்துக் குலுக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கோடு குலுக்கி, இப்படி முப்பது முறை. ஒன்றுக்குப் பின் 60 சுழிகள் போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்குதான் முடிவில் மருந்து. வேதியியலில் பொருளை அளக்கும் அலகான ஒரு மோலில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையை எழுத 24 இலக்கங்கள் போதும். பன்னிரண்டாவது குப்பியிலேயே ஒரு மூலக்கூறு மிஞ்சினால் அதிர்ஷ்டம். ஹானிமனைக் குறை சொல்லமாட்டேன்; மூலக்கூறுகளின் அந்த எண்ணிக்கையை முதலில் கணக்கிட வழி கண்டது 1865-இல், அவர் இறந்தது 1843-இல். நோய் தீர இரத்த நாளத்தை வெட்டி இரத்தம் வடித்த காலத்தில் வெறும் சர்க்கரை உருண்டை கொடுத்தவர் நோயாளிக்கு நல்லதே செய்தார். கட்டுரையாளருக்கு அந்தச் சலுகை கிடையாது. எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதாக நம்பத்தகுந்த சான்று இல்லை என்று ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆய்வு மன்றம் 2015-இல் சொன்னதைக் குறிப்பிட ஒரு வரி இடமில்லையா?

பக்க விளைவுக்கு வருகிறேன். குறைந்த பொட்டன்சியில் மூலப்பொருள் இருக்கவே செய்யும். பல் முளைக்கும் குழந்தைகளுக்கான சில ஹோமியோபதி மாத்திரைகளில் பெல்லடோனா அளவு தாறுமாறாக இருந்ததாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. அது போகட்டும். என் அக்காவுக்கு ஆஸ்துமா. தாங்கள் எழுதியது போன்ற ஒரு வாக்கியத்தை எங்கோ படித்துவிட்டு, தினமும் இழுக்கவேண்டிய இன்ஹேலரை நிறுத்திவிட்டு உருண்டைக்கு மாறினாள். மூன்றாம் மாதம் ஒரு நள்ளிரவில் உதடு நீலம் பாரித்து, தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கியது. கடைசியாக எப்போது இன்ஹேலர் எடுத்தீர்கள் என்று மருத்துவர் கேட்டதற்கு, “பக்க விளைவு இல்லாததைத்தானே சாப்பிட்டேன்” என்றாள். பிழைத்துவிட்டாள். அப்பா ஒரு வாரம் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. நீரில் மூழ்கியவரையும் குளிரில் விறைத்தவரையும் முதலில் வேறு வழிகளால் உயிர்ப்பியுங்கள் என்று ஹானிமனே ஆர்கனான் 67-ஆம் பிரிவின் அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறார் என்று எங்களுக்குக் காட்டியவர் அவர்.

தங்கள் பத்திரிகைக்கு இது முதல் முறையும் அல்ல. சென்ற ஆண்டு இயற்கை மருத்துவத்தையும் ஹோமியோபதியையும் ஒரே தலைப்பில் கட்டிப்போட்டீர்கள். நான் நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். ‘தங்கள் மருத்துவப் பகுதி பயனுள்ளது’ என்ற என் முதல் வரியை மட்டும் வெளியிட்டு, கீழே என் பெயரையும் போட்டீர்கள். மரியாதைக்காக எழுதிய வரி அது. உறவினர்கள் தொலைபேசியில் வாழ்த்தினார்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. ‘மூலிகை’ என்ற சொல்லுக்கு ஒரு திருத்தம் போடுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை அவரைக் கேட்காமல் நிறுத்தவேண்டாம் என்று அந்தப் பகுதியின் அடியில் ஒரு வரி சேருங்கள். அந்த இலைப் படத்தைச் சமையல் பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடம் போதாமல் இக்கடிதத்தை வெட்டுவதானால், இம்முறை தயவுசெய்து முதல் வரியை வெட்டுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் சந்தாவை நிறுத்தாத வாசகி